“குழாய் மட்டும் வேணாம்”னு மாமியார் சத்தியம் வாங்கிட்டாங்க, இப்ப என்ன பண்றது டாக்டரம்மா?

கேள்வி:

டாக்டரம்மா வணக்கம். நாங்க திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். எம் பையனுக்கு 6 வயசு, 18 கிலோ இருக்கான். ஆனி மாசம் ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல்.னு சொன்னாங்க, பி செல் வகையாம். திருச்சியில வெச்சு கீமோ போயிட்டு இருக்கு, இப்ப நோய் கட்டுப்பாட்டுல இருக்குன்னுதான் சொல்றாங்க. ஐப்பசி அடமழையில ஒரு நாள் காய்ச்சல் வந்து மறுநாள் மூச்சு வாங்க ஆரம்பிச்சு ஐசியூவுல 5 நாள் ஹை ஃப்ளோ மெஷின்ல இருந்தான். ரெண்டாம் நாள் ராத்திரி டாக்டர் வந்து மூச்சு மெஷினுக்கு தொண்டை வழியா டியூப் போட வேண்டி வரலாம் கையெழுத்து போடுங்கன்னாரு. பக்கத்து பெட்டுல ஒரு பொண்ணுக்கு டியூப் போட்டு மறுநாளே இறந்து போச்சு, அத கண்ணால பாத்துட்டு எனக்கு கை ஓடல, விடியற வரைக்கும் கையெழுத்து போடவே இல்ல. வீட்டுக்காரர் ஷார்ஜாவுல இருக்காரு, போன்ல அழுவுறாரு. கடைசில டியூப் போடாமலே புள்ள தேறிட்டான். இப்ப எங்க மாமியார் “பாத்தியா, போட்டுருந்தா போயிருப்பான்”னு சொல்லி, இனிமே என்ன ஆனாலும் குழாய்க்கு சம்மதிக்க மாட்டேன்னு வலங்கைமான் மாரியம்மன் பேர்ல சத்தியம் வாங்கிட்டாங்க. அடுத்த கீமோ வருது. மறுபடியும் அப்படி ஆனா நான் என்ன செய்யணும்? வீட்டுலயே ஆக்சிஜன் மெஷின் வாங்கி வெக்கலாமா? கொழுந்தனார் 45 ஆயிரத்துக்கு ஒன்னு பாத்து வெச்சிருக்காரு. பையன் ஒன்னு கேக்க சொன்னான், ஐசியூவுல வெச்ச அந்த ஹை ஃப்ளோ மெஷின் ஏன் ராத்திரி மட்டும் குறட்டை விடுதுன்னு.

பதில்:

வணக்கம்மா. உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன். பையன் வீட்டுல இருக்கான், மெஷின் குறட்டை விடுதான்னு கேக்கற அளவுக்கு தெம்பா இருக்கான், அதுல எனக்கு பெரிய நிம்மதி. அவன் கேள்விக்கு கடைசில வர்றேன். முதல்ல ஒன்னு சொல்லிடறேன், நான் உங்க புள்ளைய பாக்கல, அவன் எக்ஸ்ரேவ பாக்கல, அவன பாக்கற டாக்டருங்க சொல்றதுக்கு மேல என் வார்த்தைய வெச்சுக்காதீங்க. ஆனா இந்த “குழாய் போட்டா முடிஞ்சுது”ங்கற பேச்ச நான் குழந்தைங்க ஐசியூவுல வேலைக்கு சேந்த நாள்லேருந்து கேட்டுகிட்டு இருக்கேன், கும்பகோணத்துலயும் கேட்டேன், மன்னார்குடிலேருந்து வந்தவங்ககிட்டயும் கேட்டேன், அதனால கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போறேன், பொறுத்துக்கங்க.

கசப்பா இருந்தாலும் முதல்ல இத சொல்லிடறேன். அன்னைக்கு ராத்திரி நீங்க கையெழுத்து போடாததுனால புள்ள பொழைக்கல. போடாம இருந்தும் பொழச்சான். ரெண்டும் வேற வேற. உங்க மாமியார் அத ஒன்னா சேத்துட்டாங்க. டாக்டர் “வேண்டி வரலாம்”னுதான சொல்லியிருக்காரு? அதாவது இன்னும் சில மணி நேரம் பாப்போம், சரியாவலன்னா போடுவோம், அந்த நேரத்துல உங்கள தேடிகிட்டு ஓட முடியாது, அதனால இப்பவே சம்மதம் குடுங்கன்னு அர்த்தம். கையெழுத்து போட்டிருந்தாலும் அன்னைக்கு விடியக்காலைல அவனுக்கு மூச்சு வாங்கறது குறைய ஆரம்பிச்சப்ப யாரும் டியூப் போட்டுருக்க மாட்டாங்க. சம்மதம் குடுத்துட்டோம்ங்கறதுக்காக டாக்டரு வந்து குழாய சொருகிட்டு போறதில்லம்மா.

அந்த பக்கத்து பெட்டு பொண்ணு. அந்த புள்ளைக்கு என்ன வியாதி, எந்த நிலைமையில டியூப் போட்டாங்கன்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. ஆனா பொதுவா நடக்கறது இதுதான். மூச்சு திணறி, உடம்பு முழுக்க ஓய்ஞ்சு, பிபி இறங்கி, கிட்னி நின்னு, அதுக்கப்பறம் வேற வழியில்லாம போடற டியூப் நெறைய. அந்த நிலைமைல போட்டா பல குழந்தைங்க தேற மாட்டாங்க. பாக்கறவங்க கண்ணுக்கு குழாய் தெரியுது, மறுநாள் சாவு தெரியுது, நடுவுல கைவிட்டுப்போன அந்த பத்து மணி நேரம் தெரியறதில்ல. அதனாலயே அடுத்து வர்ற குழந்தையோட வீட்டுக்காரங்க இன்னும் லேட்டா சம்மதிக்கறாங்க, அதனால இன்னும் மோசமான நிலைமைல போடறாங்க, மறுபடியும் “பாத்தியா குழாய் போட்டுதான் செத்துச்சு”. இந்த பேச்சு இப்படித்தான் தன்னையே வளத்துக்குது.

எனக்கே ஒரு அனுபவம் இருக்கு, சொல்ல கூச்சமாத்தான் இருக்கு. ரொம்ப வருஷம் முன்னாடி, நான் ஜூனியரா ஒரு ஆஸ்பத்திரில இருந்தேன். ஒம்போது வயசு பொண்ணு, இதே மாதிரி ரத்தப் புற்றுநோய், ரெண்டு பக்க நுரையீரல்லயும் நிமோனியா. மாஸ்க் வெச்சு காத்து குடுத்துகிட்டு இருந்தோம். மானிட்டர்ல ஆக்சிஜன் 93, 94ன்னு அழகா நிக்குது. அவங்க அப்பா கைய புடிச்சிகிட்டு குழாய் வேணாம்மா வேணாம்மாங்கறாரு, நானும் நம்பர் நல்லாதான இருக்குன்னு சாயந்தரத்துலேருந்து நடுராத்திரி தாண்டி தள்ளிகிட்டே போனேன். நம்பர் நல்லா இருந்துச்சு, ஆனா அத நல்லா வெச்சுக்க ஆக்சிஜன 40 சதவீதத்துலேருந்து 80க்கு ஏத்திகிட்டே வந்திருந்தோம், பொண்ணு மூச்சு நிமிஷத்துக்கு 60 ஓடிகிட்டு இருந்துச்சு, பேச்ச நிறுத்தி மூணு மணி நேரம் ஆச்சு. அத நான் கூட்டிப் பாக்கல. மூணு மணிக்கு டியூப் போடும்போது இதயம் நின்னு போச்சு. கைய வெச்சு அமுக்கி திருப்பி கொண்டாந்தோம். ஆனா நாலாவது நாள் இறந்துட்டா. சாயந்தரமே போட்டிருந்தா பொழச்சிருப்பாளான்னு இன்னைக்கும் தெரியல. அந்த அப்பாவ நான் ஒரு நாளும் குத்தம் சொன்னதில்ல, தள்ளிப் போட்டது நான்.

இப்ப மூச்சு மெஷினெல்லாம் என்னதான் பண்ணுதுன்னு சொல்றேன், நம்ம ஊரு பாஷையிலேயே சொல்றேன். நுரையீரல்ல காத்து போற வழி நம்ம ஆத்துப் பாசனம் மாதிரிதான். பெரிய ஆறு, அதுலேருந்து வாய்க்கா, அதுலேருந்து சின்ன வாய்க்கா, கடைசில கோடிக்கணக்குல சின்னச் சின்ன காத்துப் பை, அதுதான் வயல். நிமோனியா வந்தா கடைமடை வயலெல்லாம் காத்து வராம சுருங்கி ஒட்டிக்கும், சிலது சீழும் தண்ணியுமா ரொம்பிடும். தலைமடைல மட்டும் காத்து போயிட்டு வரும். நீங்க திருத்துறைப்பூண்டிக்காரங்க, கடைமடைன்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல.

சாதாரண மூக்கு ஆக்சிஜன், அதாவது நிமிஷத்துக்கு ஒன்னு ரெண்டு லிட்டர், அது ஆத்துல வர்ற தண்ணியோட தரத்த கூட்டற மாதிரி, கடைமடைக்கு போய் சேருமாங்கறது வேற கதை. உங்க பையனுக்கு வெச்ச ஹை ஃப்ளோ என்ன பண்ணுதுன்னா, சூடாக்கி ஈரமாக்கின காத்த ரொம்ப வேகமா மூக்கு வழியா தள்ளுது. 18 கிலோ புள்ளைக்கு நிமிஷத்துக்கு 24, 25 லிட்டர் கிட்ட வெப்பாங்க. அதுல எத்தன சதவீதம் ஆக்சிஜன் வேணும்ங்கறத தனியா திருப்பிக்கலாம், வெறும் காத்தோட 21லேருந்து நூறு வரைக்கும். அந்த வேகத்துல தொண்டைல தேங்கி நிக்கற கெட்ட காத்து அடிச்சுகிட்டு வெளிய போயிடும், உள்ள கொஞ்சம் அழுத்தமும் நிக்கும், ஒட்டிக்கப் பாக்கற வாய்க்கா கொஞ்சம் தெறந்து இருக்கும். குழந்தை மூச்சு விட படற பாடு குறையும். நல்ல மெஷின். குறை சொல்ல மாட்டேன்.

அதுக்கு மேல சிபாப், பைபாப்னு மாஸ்க் மெஷின். இறுக்கமா மூஞ்சில வெச்சு தொடர்ந்து அழுத்தம் குடுக்கறது. இது இன்னும் பலமா கடைமடைய தெறந்து வெக்கும். கீமோ குழந்தைங்களுக்கு இதுல சில தொல்லை உண்டு. வாய், தொண்டையெல்லாம் புண்ணா இருக்கும், பிளேட்லெட் கம்மியா இருந்தா மூக்குல ரத்தம் வரும், மூக்குத் தண்டுல மாஸ்க் அழுத்தி தோல் கன்னிப் போவும், வயித்துல காத்து ஏறி உப்பும். அதுக்குத்தான் மூக்கு வழியா வயித்துக்கு ஒரு சின்ன குழாய் விடுவாங்க, அதையும் பாத்து வென்டிலேட்டர்னு நெனச்சு பயந்து அழுத பாட்டிமாருங்க உண்டு.

பெரியவங்களுக்கு இதுல நெறைய ஆராய்ச்சி நடந்துருக்கு. 2001ல பிரான்ஸ்ல எதிர்ப்பு சக்தி குறைஞ்ச பெரியவங்களுக்கு மாஸ்க் வெச்சா டியூப் போடறதும் சாவும் குறையுதுன்னு வந்துச்சு, எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அப்பறம் 2015ல அதே பிரான்ஸ்ல இன்னும் நெறைய பேர வெச்சு பாத்தா பெரிசா வித்தியாசம் இல்ல. குழந்தைங்களுக்கு லண்டன்ல ஒரு ட்ரையல் நடந்து 2018ல வெளியாச்சு, கேன்சர் மாதிரி காரணத்துல எதிர்ப்பு சக்தி குறைஞ்ச குழந்தைங்களுக்கு மூச்சுத் திணறல் ஆரம்பிச்சதுமே சிபாப் மாட்டிட்டா டியூப தவிர்க்கலாமான்னு. தவிர்க்க முடியல. மாஸ்க் கெட்டதுன்னு நான் சொல்ல வரல, தெனமும் நானே வெக்கறேன், எத்தனையோ புள்ளைங்க அதுலயே தேறி வீட்டுக்கு போயிருக்காங்க, உங்க பையன் மாதிரி. மாஸ்க்கும் ஹை ஃப்ளோவும் வேலை செய்யுதா இல்லையாங்கறது சில மணி நேரத்துல தெரிஞ்சுரும். தெரிஞ்சப்பறமும் உக்காந்து இருக்கறதுதான் ஆபத்து. குழந்தைங்க நுரையீரல் டாக்டருங்க உலக அளவுல கூடி 2023ல குடுத்த வழிகாட்டுதல்லயும் இதத்தான் சொல்றாங்க, முதல் 6 மணி நேரத்துக்குள்ள முன்னேற்றம் தெரியலன்னாலோ மோசமாவுதுன்னாலோ டியூப தள்ளிப் போடாதீங்கன்னு.

இப்ப அந்த குழாய். டியூப் போடும்போது மயக்க மருந்து குடுத்துதான் போடுவாங்க, புள்ளைக்கு தெரியாது. அப்பறமும் தூக்க மருந்து ஓடிகிட்டே இருக்கும். பேச முடியாது, ஏன்னா குழாய் குரல்வளை வழியா போவுது, குரல் போயிடுச்சுன்னு பயப்பட வேணாம், எடுத்தா வரும், ரெண்டு நாள் கரகரன்னு இருக்கும். வென்டிலேட்டர் காத்த அடிச்சு நுரையீரல கிழிச்சுரும்னு ஒரு பயம் இருக்கு பாருங்க, அது முழுப் பொய் இல்ல. ஒரு காலத்துல நிறைய நிறைய காத்தா அடிச்சாங்க. தலைமடைல மட்டும் தண்ணி போற நேரத்துல இன்ஜின் வெச்சு முழு வேகத்துல அடிச்சா என்ன ஆவும், கடைமடைக்கும் போவாது, தலைமடை வரப்பும் ஒடச்சுக்கும், இல்லையா? அதேதான் நுரையீரல்லயும் நடந்துச்சு. 2000வது வருஷம் அமெரிக்காவுல பெரியவங்கள வெச்சு கிலோவுக்கு 12 மில்லி குடுக்கறதுக்கு பதிலா 6 மில்லி குடுத்துப் பாத்தாங்க, சாவு நல்லாவே குறைஞ்சுது. அதுக்கப்பறம் உலகமே மாறிடுச்சு. இப்ப உங்க பையனுக்கு வென்டிலேட்டர் வெச்சா ஒரு மூச்சுக்கு 18 கிலோவுக்கு ஆறு ஆறா கணக்கு போட்டு 108 மில்லி, அதான் ஆரம்பம். நம்ம ஊரு டீக்கடை கிளாஸ் இருக்குல்ல, அதுல ஒரு டீ. அவ்ளோதான் காத்து. அத குடுத்து எடுத்து குடுத்து எடுத்து, மூச்சோட கடைசில கொஞ்சம் அழுத்தத்த விடாம வெச்சு வாய்க்கா மூடிக்காம பாத்துக்கறது, தேவைப்பட்டா குப்புறப் படுக்க வெச்சு முதுகுப் பக்க வயலுக்கும் காத்து போக விடறது. அதுக்குள்ள ஆன்டிபயாட்டிக் வேலை செய்யணும், வெள்ளணு ஏறணும். மெஷின் வியாதிய குணப்படுத்தாது, வியாதி இறங்கற வரைக்கும் புள்ள மூச்சு விட்டே களைச்சுப் போகாம தாங்கிப் புடிக்கும்.

இந்த ஐசியூ வைத்தியமே குழந்தைங்கள காப்பாத்தப் பொறந்ததுதான் தெரியுமா? 1952ல டென்மார்க் நாட்டு கோபன்ஹேகன்ல போலியோ பரவி மூச்சு தசை செயலிழந்து தெனமும் சாவு. இப்சன்னு ஒரு மயக்க மருந்து டாக்டர் 12 வயசு பொண்ணு ஒன்னுக்கு கழுத்துல ஓட்ட போட்டு குழாய் வெச்சு பையால கையாலேயே காத்து அமுக்கிக் காப்பாத்தி காட்டினாரு. மெஷின் இல்ல, மெடிக்கல் காலேஜ் பசங்க நூத்துக்கணக்குல முறை போட்டு ராத்திரி பகலா உக்காந்து பைய அமுக்கினாங்க. முக்கால்வாசிக்கு மேல செத்துகிட்டு இருந்தவங்கள்ல பாதிக்கு மேல பொழைக்க ஆரம்பிச்சாங்க. அன்னைக்கு அந்த பசங்க கையில இருந்த பைதான் இன்னைக்கு ஐசியூவுல நிக்கற வென்டிலேட்டர்.

அதே சமயம் உங்களுக்கு சர்க்கரை தடவி சொல்ல விரும்பல. சாதாரண நிமோனியால வென்டிலேட்டர்ல போற குழந்தையவிட கேன்சர் குழந்தைக்கு ஆபத்து அதிகம். வெள்ளணு இல்லாத உடம்பு, பூஞ்சைக் கிருமி வரலாம், நுரையீரலுக்குள்ளயே ரத்தம் கசியலாம். நுரையீரல் மட்டும் கெட்டிருந்தா ஒரு கணக்கு, அதோட கிட்னி, கல்லீரல், ரத்த அழுத்தம்னு ஒன்னு ஒன்னா சேந்தா வேற கணக்கு. எல்லாக் குழந்தையும் டியூப்லேருந்து வெளிய வர்றதில்ல. ஆனா உங்க பையன் விஷயத்துல முக்கியமா ஒன்னு இருக்கு, நோய் கட்டுப்பாட்டுல இருக்கு, வைத்தியம் பாக்கி இருக்கு. குழந்தைங்க ஏ.எல்.எல். நல்லா வைத்தியம் கெடச்சா பெரும்பாலும் குணமாவற கேன்சர். அப்படிப்பட்ட புள்ளைக்கு ஒரு நிமோனியாவ தாண்ட குழாய் வேணும்னா, நான் டாக்டரா இல்லாம அவன் அத்தையா இருந்தாலும் போடுங்கன்னுதான் சொல்லுவேன். கேன்சரே திரும்பித் திரும்பி வந்து இனிமே மருந்து இல்லங்கற நிலைமைல இருக்கற குழந்தைக்கு குழாய் வேணாம், வலியும் திணறலும் தெரியாம மார்ஃபின் குடுத்து அம்மா மடியிலேயே இருக்கட்டும்னு முடிவெடுக்கறதும் வைத்தியம்தான், அது தோல்வியில்ல. உங்க பையன் அந்த இடத்துல இல்ல. அதனால இப்பவே “என்ன ஆனாலும் வேணாம்”னு ஒரு பூட்டு போட்டு வெக்கறது தப்பு.

சத்தியத்த என்ன பண்றதுன்னு கேட்டீங்க. நான் ஆன்மீக டாக்டர் இல்ல. ஆனா வலங்கைமான் கோயில் எனக்கும் தெரியும். பங்குனியில அங்க பாடைக்காவடி எடுக்கறாங்களே, பொழைக்க மாட்டாங்கன்னு கைவிட்டவங்க ஆத்தா புண்ணியத்துல பொழச்சா செத்த பொணம் மாதிரி பாடையில படுத்து கோயிலுக்கு போயி எழுந்து வர்ற நேத்திக்கடன். பாடையிலேருந்து எழுப்பி விடற அந்த அம்மா, ஒரு புள்ள மூச்சு விட வழி இருக்கும்போது அத வேணாம்னு சொல்லுன்னா கேக்கும்? உங்க மாமியார்கிட்ட இத சண்டையா சொல்லாதீங்க. அவங்க பேரப் புள்ளைய இழக்க பயந்துதான் சத்தியம் வாங்கியிருக்காங்க. அடுத்த தடவ ஓபிக்கு போவும்போது அவங்களையும் கூட்டிகிட்டு போங்க, உங்க கேன்சர் டாக்டர்கிட்ட பத்து நிமிஷம் கேட்டு வாங்கி அவங்கள நேரா கேக்க விடுங்க. வீட்டுக்காரரையும் வீடியோ கால்ல வெச்சுக்கங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஐசியூ வாசல்ல எடுக்கற முடிவ பகல்ல நாற்காலியில உக்காந்து எடுத்து வெச்சுக்கறது எவ்ளவோ மேல்.

அப்படி ஒரு ராத்திரி மறுபடி வந்தா, டியூப் வேணுமா வேணாமான்னு மட்டும் கேக்காதீங்க, இப்படி கேளுங்க: இப்ப எத்தன சதவீதம் ஆக்சிஜன் ஓடுது, ரெண்டு மணி நேரம் முன்னாடி எத்தன? மூச்சு எண்ணிக்கை ஏறுதா இறங்குதா? எத்தன மணிக்கு மறுபடி பாத்து முடிவு சொல்லுவீங்க, என்ன ஆனா டியூப் போடுவீங்க? நல்ல டாக்டரு யாரும் இதுக்கு கோவிச்சுக்க மாட்டாங்க. கோவிச்சுகிட்டாலும் பரவால்ல, கேளுங்க. 94 காட்டுது அதனால நல்லாருக்குன்னு நம்பிடாதீங்க, 30 சதவீத ஆக்சிஜன்ல 94ங்கறதும் 80 சதவீதத்துல 94ங்கறதும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்தக் கணக்கத்தான் நான் அன்னைக்கு கோட்ட விட்டேன்.

இந்த எடத்துல இத படிக்கற மத்தவங்களுக்கும் சேத்து ஒரு வார்த்தை. சில ரத்தப் புற்றுநோய்ல, டி செல் வகைல, நெஞ்சுக்குள்ள கட்டி வளந்து மூச்சுக்குழாய அமுக்கும். அந்த குழந்தைங்க படுத்தா திணறுவாங்க, உக்காந்தா பரவால்லம்பாங்க, முகம் கழுத்து வீங்கும். அவங்களுக்கு மயக்க மருந்து குடுத்து டியூப் போடறதே பெரிய ஆபத்து, அத டாக்டருங்களே முடிஞ்ச வரைக்கும் தவிர்ப்பாங்க. அவங்களுக்கு நான் மேல எழுதினது அப்படியே பொருந்தாது.

ஆக்சிஜன் மெஷினுக்கு வருவோம். வேணாம். 45 ஆயிரத்த பத்திரமா வெச்சுக்கங்க, கொழுந்தனாருக்கு என் நன்றிய சொல்லுங்க. அந்த வீட்டு மெஷின் நிமிஷத்துக்கு 5 லிட்டர் குடுக்கும், கரண்டு போனா அதுவும் இல்ல, மழைக்காலத்துல உங்க பக்கம் கரண்டு எப்படின்னு உங்களுக்கே தெரியும். ஆனா என் பயம் வேற. மெஷின் வீட்டுல இருந்தா மாட்டி விட்டு நம்பர் ஏறுதான்னு பாத்துகிட்டு இருப்பீங்க, விடியட்டும் போலாம்னு தோணும். உங்க புள்ளைக்கு அந்த மணி நேரம்தான் உயிர். சாமி ரூம்ல விளக்கு எரியற வீட்டுல ஆக்சிஜன் வெக்கறது தீ விபத்துக்கும் வழி. விரல்ல மாட்டற ஆக்ஸிமீட்டர் ஒன்னு இருந்தா இருக்கட்டும், கை சூடா இருக்கும்போது, மருதாணி இல்லாத விரல்ல மாட்டிப் பாருங்க. அந்த தத்துவத்த 1970கள்ல கண்டுபிடிச்சவரு ஜப்பான்காரர், அவோயாகின்னு பேரு, அவருக்கு எங்க மாதிரி டாக்டருங்க எத்தன கும்பிடு போட்டாலும் தகும். ஆனா அது 97 காட்டுதுன்னு காய்ச்சல வீட்டுல வெச்சுகிட்டு இருக்காதீங்க.

ஏன்னா உங்க கதையில உண்மையான கோளாறு டியூப் இல்லம்மா, அதுக்கு முந்தின நாள். “காய்ச்சல் வந்து மறுநாள் மூச்சு வாங்க ஆரம்பிச்சு”ன்னு போற போக்குல எழுதியிருக்கீங்க. அந்த ஒரு நாள் எங்க போச்சு? பாராசிட்டமால் குடுத்து பாத்திருப்பீங்க, பக்கத்து ஊரு டாக்டர்கிட்ட ஒரு ஊசி போட்டிருப்பீங்க, அடமழை வேற. கீமோ போற குழந்தைக்கு 100.4 தொட்டாலே அது அவசரம். தூங்கறான்னு எழுப்பாம இருக்கக் கூடாது. வெள்ளணுவுல நியூட்ரோபில்ங்கற வகை 500க்கு கீழ இருக்கற புள்ளைக்கு ஆஸ்பத்திரில நுழைஞ்ச ஒரு மணி நேரத்துக்குள்ள நரம்பு வழியா ஆன்டிபயாட்டிக் ஏறணும். திருச்சி தூரமா இருந்தா திருவாரூர் மெடிக்கல் காலேஜுக்கு போங்க, தஞ்சாவூர்னா ராசா மிராசுதார் ஆஸ்பத்திரில குழந்தைங்க பிரிவு இருக்கு. 108க்கு போன் பண்ணும்போதே “கீமோ போற குழந்தை, காய்ச்சல், ஆக்சிஜன் வேணும்”னு சொல்லுங்க. முதல் டோஸ் அங்க போட்டுட்டு அப்பறம் திருச்சிக்கு மாத்திக்கலாம். கீமோ அட்டை, கடைசி ரத்த ரிப்போர்ட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, காப்பீட்டு அட்டை எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வாசக்கதவு ஆணில மாட்டி வெச்சிருங்க. ஆசன வாய்ல தெர்மாமீட்டர் வெக்காதீங்க, கக்கத்துல போதும்.

மூச்ச எண்ண கத்துக்கங்க. புள்ள தூங்கும்போது சட்டைய தூக்கிட்டு வயித்த பாத்து போன்ல ஒரு நிமிஷம் வெச்சு எண்ணணும், பாதி நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்கறது சரியா வராது. நல்லா இருக்கற நாள்லயே மூணு நாலு தடவ எண்ணி எழுதி வெச்சுக்கங்க, அவன் வயசுக்கு இருபது, இருபத்தஞ்சு இருக்கும். 30 தாண்டினாலோ, விலா எலும்புக்கு நடுவுல பள்ளம் விழுந்தாலோ, மூக்கு விடைச்சாலோ, ஒரு வாக்கியத்த முழுசா சொல்ல முடியாம நடுவுல நிறுத்தினாலோ வண்டிய எடுங்க.

இன்னும் ரெண்டு விஷயம், இத யாரும் விளக்கிச் சொல்லியிருக்க மாட்டாங்க. வாரத்துல ரெண்டு மூணு நாள் மட்டும் ஒரு மாத்திரை குடுக்க சொல்லியிருப்பாங்க, செப்ட்ரான் மாதிரி பேரு இருக்கும், அத “கேன்சர் மருந்து இல்லதான”ன்னு விட்டுடாதீங்க, நிமோசிஸ்டிஸ்னு ஒரு கொடுமையான நிமோனியா வராம இருக்கத்தான் அது. அப்பறம் சம்பா அறுப்பு வரப் போவுது, பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்ட சொரண்டுவாங்க. வைக்கோல் போர், நெல்லு தூத்தற தூசி, சொரண்டின சுண்ணாம்பு, ஈரச் சுவத்துல பூத்த பூஞ்சை, இதெல்லாத்துலயும் அஸ்பர்ஜில்லஸ்னு ஒரு பூஞ்ச விதை பறக்கும். நம்மளுக்கு ஒன்னும் பண்ணாது, வெள்ளணு இல்லாத புள்ள நுரையீரல்ல போய் முளைக்கும். இந்த வருஷம் வெள்ளையடிக்க வேணாம், அடிச்சே தீரணும்னா அவன அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டு அடிங்க. களத்து மேட்டுக்கு அவன் வேணாம், வைக்கோல் போர்ல ஏறி குதிக்கறது அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

அன்னைக்கு கையெழுத்து போடாம உக்காந்திருந்தீங்களே, அதுக்காக உங்கள நீங்களே திட்டிக்காதீங்க. தனியா ஒரு பொம்பள, பக்கத்து பெட்டுல ஒரு சாவு, வீட்டுக்காரர் கடல் தாண்டி. கை ஓடாதுதான். பேனாவ நீட்டறதுக்கு முன்னாடி அந்த டாக்டரு ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு உங்க பக்கத்துல உக்காந்து இத்தனையும் சொல்லியிருக்கணும், எங்க ஆளுங்ககிட்டயும் தப்பு இருக்கு.

இப்ப பெரியவரு கேட்ட கேள்வி. தம்பி, அது குறட்டை இல்லடா. அந்த மெஷின்ல ஒரு சின்ன தண்ணி டப்பா இருந்துச்சுல்ல, அது சூடாகி காத்த ஈரமாக்கும், இல்லன்னா அவ்ளோ வேகமான காத்து உன் மூக்க காய வெச்சு ரத்தம் வர வெச்சுரும். ராத்திரி ஏசி ஜில்லுன்னு ஆனதும் அந்த ஈரக் காத்து குழாய்க்குள்ளயே தண்ணியா மாறி ஒரு வளைவுல தேங்கிக்கும், இட்லிப் பானை மூடியில தண்ணி கோக்குமே அது மாதிரி. அதுக்குள்ள காத்து போறப்பதான் கொர்ரு கொர்ருன்னு சத்தம். சிஸ்டர் வந்து குழாய தூக்கி ஒரு ஆட்டு ஆட்டி வடிச்சு விட்டதும் நின்னுருக்கும் பாரு, நீ அப்ப தூங்கிட்டியோ என்னவோ.